ரெடிமேட் பெரோவ்ஸ்கைட் குவாண்டம் டாட் செட், எட்டு மாசம் யூஸ் பண்ணதுக்கு அப்புறம் ஒரு ரிவ்யூ

குவாண்டம் டாட்னா சில நானோமீட்டர் சைஸ்ல இருக்கற செமிகண்டக்டர் கிரிஸ்டல் துணுக்கு, பெரோவ்ஸ்கைட்ங்கறது அது செஞ்ச பொருளோட கிரிஸ்டல் அமைப்புக்குப் பேரு. எங்க லேப்ல இதை நாங்களேதான் செஞ்சுட்டு இருந்தோம். ஃப்ளாஸ்க்ல ஆக்டடெசீன், ஒலியிக் ஆசிட், ஒலைலமீன் எல்லாம் ஊத்தி, வேக்கம் போட்டு, சூடு ஏத்தி, சீசியம் ஒலியேட்ட ஒரே குத்தா ஊசியில இறக்கி, அஞ்சு செகண்ட்ல ஐஸ் தண்ணிக்குள்ள ஃப்ளாஸ்க்க இறக்கணும், அந்த அஞ்சு செகண்ட் கொஞ்சம் தள்ளிப்போனாலும் சைஸ் மாறிடும், சைஸ் மாறினா கலர் மாறிடும். ஒரு பேட்ச் மாதிரி இன்னொரு பேட்ச் வராது. டிவைஸ் பண்ண வேண்டிய ஆளு முழு வாரமும் சமையல்காரரா நின்னுட்டு இருந்தா வேலை எப்படி நகரும், அதனாலதான் இந்த தடவை ரெடிமேடா வாங்கிடலாம்னு முடிவு பண்ணோம். கம்பெனி பேரு சொல்லல, ஏன்னா நான் சொல்லப்போற குறை நிறை ரெண்டும் இந்த வகை பொருள் எங்க வாங்கினாலும் பார்க்க வேண்டியதுதான்.

செட்ல மூணு ஐட்டம். பச்சை, அதாவது சீசியம் லெட் புரோமைடு (லெட்னா ஈயம்), டொலுவின்ல கலந்தது. சிவப்பு, சீசியம் லெட் அயோடைடு, ஆக்டேன்ல. மூணாவது பச்சை டாட்ட பாலிமர்ல பதிச்சு ரெண்டு பக்கமும் பேரியர் ஷீட் ஒட்டின ஃபிலிம். நம்ம ஆளுங்க நிறைய பேர் பாட்டிலைப் பார்த்துட்டு நேரா சோலார் செல் பண்ணிடலாம்னு கிளம்பிடறாங்க, அவங்களுக்காகத்தான் இதை இவ்வளவு நீளமா எழுதறேன்.

முதல்ல பச்சை பாட்டில். ரூம் லைட்ல பார்த்தா மங்கலான மஞ்சப் பச்சை, பெருசா ஒண்ணும் தெரியாது. 365 நானோமீட்டர் யூவி டார்ச்ச அடிங்க, அவ்வளவுதான், பாட்டில் முழுக்க உள்ளேருந்து பத்திக்கிட்ட மாதிரி ஒரு பச்சை, சுத்தி நிக்கறவங்க முகத்துல எல்லாம் அந்த வெளிச்சம் விழுது. நான் இந்த ஃபீல்டுல இருக்கறவதான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் டார்ச் அடிக்கும்போது ஒரு நிமிஷம் கைவேலையை விட்டுட்டு பார்த்துட்டு நிப்பேன். ஸ்பெக்ட்ரோமீட்டர்ல போட்டா 515 பக்கத்துல ஒரே ஒரு ஊசி மாதிரி பீக், பாதி உயரத்துல அகலம் 20 நானோமீட்டர் சுமார். டிஸ்ப்ளேக்காரங்க ரெக் 2020னு ஒரு கலர் ஸ்டாண்டர்ட் வெச்சிருக்காங்க இல்ல, அதுல பச்சைக்கு 532 நானோமீட்டர்ல ஒத்தைக் கோடு கேக்கறாங்க, அதுக்கு கிட்டத்துல போறதுக்கு இந்த மாதிரி ஒடுக்கமான பீக் இருந்தாதான் முடியும்.

இதுல என்ன அதிசயம்னா, காட்மியம் செலினைடு டாட்ல இவ்வளவு வெளிச்சம் வேணும்னா மேல ஜிங்க் சல்ஃபைடு மாதிரி ஒரு ஷெல் கட்டியே ஆகணும், இல்லேன்னா மேற்பரப்புல இருக்கற குறைகள் எலக்ட்ரானைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு வெளிச்சத்தைக் கொன்னுடும். பெரோவ்ஸ்கைட்ல ஷெல்லே வேண்டாம். குறை இருக்கும், ஆனா அந்தக் குறைகளோட எனர்ஜி லெவல் பெரும்பாலும் பேண்ட் கேப்புக்கு, அதாவது எலக்ட்ரான் இருக்க முடியாத எனர்ஜி இடைவெளிக்கு, நடுவுல வந்து உக்காராது, ஓரத்துலயோ பேண்டுக்குள்ளயோ ஒதுங்கிடும், அதனால எலக்ட்ரானுக்குப் பொறி இல்ல. டிஃபெக்ட் டாலரன்ஸ்னு சொல்றது இதைத்தான். 2015ல சூரிச் ஈடிஹெச் பல்கலைக்கழகத்துல கோவலென்கோ குழு இந்த சீசியம் லெட் ஹாலைடு நானோ கிரிஸ்டல்களை முதல்ல வெளியிட்டப்பவே 410லேருந்து 700 நானோமீட்டர் வரைக்கும் கலர் மாத்தி காட்டினாங்க, குவாண்டம் ஈல்டு, அதாவது உறிஞ்சின ஒளியில எவ்வளவு பங்கு திரும்ப வெளிச்சமா வருதுங்கறது, 90 சதவீதம் வரைக்கும் போச்சு, ஒரு ஷெல்லும் இல்லாம. அந்த பேப்பருக்கு அப்புறம்தான் பாதி உலகம் இந்தப் பக்கம் திரும்புச்சு.

கலர் மாத்தறதுக்கு சைஸை நம்பி இருக்க வேண்டாம்ங்கறதும் இதோட பெரிய சௌகரியம். ஹாலைடை மாத்தினா போதும். குளோரைடு நீலம், புரோமைடு பச்சை, அயோடைடு சிவப்பு. நீங்களே பண்ணிப் பாருங்க, ஒரு கியூவெட்ல (ஒளி அளக்கற சின்னக் கண்ணாடிக் குப்பி) பச்சை கொஞ்சம் எடுத்துக்கோங்க, சிவப்பு சொட்டு சொட்டா விடுங்க, டார்ச்ச அடிச்சுக்கிட்டே பார்த்தா கண்ணு முன்னாடியே ரெண்டு கலரும் ஒண்ணை நோக்கி ஒண்ணு நகர்ந்து, நடுவுல மஞ்சள் ஆரஞ்சுல போய் சேரும். சூடு பண்ண வேண்டாம், செகண்ட் கணக்குதான். புரோமைடும் அயோடைடும் ஒரு கிரிஸ்டல்லேருந்து இன்னொண்ணுக்கு இடம் மாறிக்குது. பார்க்க அவ்வளவு நல்லா இருக்கு, ஆனா இதுவே தலைவலியும்தான், பச்சையும் சிவப்பும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு டிஸ்ப்ளே லேயர் பண்ணணும்னா ரெண்டையும் தொடாம பிரிச்சு வெக்கணும். அதனால ஒரே பைப்பெட் டிப்ப ரெண்டு பாட்டில்லயும் விடாதீங்க, விட்டா பாட்டிலே கெட்டுப்போகும்.

இப்போ குறைக்கு வர்றேன். கூட வந்த டேட்டா ஷீட்ல குவாண்டம் ஈல்டு 90க்கு மேலன்னு பெருசா போட்டிருக்கு. பொய் இல்ல, ஆனா அது ரொம்ப டைல்யூட் பண்ண சொல்யூஷன்ல எடுத்தது. அதையே ஸ்பின் பண்ணி, அதாவது சுத்தற தட்டுல ஊத்திப் பரப்பி, ஃபிலிம் ஆக்கினா நல்லாவே இறங்கிடுது. பாட்டில்ல இருக்கற அடர்த்தியிலயே அளந்தா பீக் நாலஞ்சு நானோமீட்டர் சிவப்புப் பக்கம் தள்ளித் தெரியுது, ஏன்னா உறிஞ்சற அலைநீளத்துக்கும் உமிழற அலைநீளத்துக்கும் இடைவெளி ரொம்பக் கம்மி, ஒரு டாட் விட்ட வெளிச்சத்தைப் பக்கத்து டாட் முழுங்கிடுது. ரெண்டாவது, மில்லிக்கு இத்தனை மில்லிகிராம்னு போட்டிருக்காங்களே, அந்த எடையில டாட் எவ்வளவு, அதுமேல ஒட்டியிருக்கற லிகண்ட், அதாவது டாட்டைப் போர்த்தியிருக்கற ஆர்கானிக் மூலக்கூறு, எவ்வளவு, சும்மா மிதக்கற ஒலியிக் ஆசிட் எவ்வளவுன்னு எங்கயும் இல்ல. வெளிச்சம் மட்டும் வேணும்னா பரவால்ல. சோலார் செல் பண்றவங்களுக்கு முதல் கேள்வியே அதுதான். நாங்க ஒரு பாட்டில உலர்த்தி, வெயிட் எடுத்து, தெர்மோகிராவிமெட்ரி, அதாவது சூடு ஏத்த ஏத்த எடை எவ்வளவு குறையுதுன்னு, போட்டுப் பார்த்தோம், எடையில பெரிய பங்கு ஆர்கானிக்தான். இதை ஷீட்ல ஒரு வரி எழுதறதுக்கு விக்கறவங்களுக்கு என்ன கஷ்டம்னு எனக்கு உண்மையிலேயே புரியல.

சிவப்பு பாட்டில் தனிக்கதை.

சீசியம் லெட் அயோடைடு பெரிய கட்டியா இருந்தா, அதோட கருப்பு பெரோவ்ஸ்கைட் வடிவம் 300 டிகிரிக்கு மேலதான் நிலையா இருக்கும், ரூம் டெம்பரேச்சருக்கு வந்தா மஞ்சளா மாறிடும், அந்த மஞ்சள் வெளிச்சத்தை உறிஞ்சறதுக்கும் லாயக்கில்ல உமிழறதுக்கும் லாயக்கில்ல. நானோ சைஸ்ல மேற்பரப்பு ஆற்றலும் லிகண்டும் சேர்ந்து அந்தக் கருப்பு வடிவத்தை ரூம் டெம்பரேச்சர்லயே பிடிச்சு நிறுத்தி வெக்குது. சோலார் செல்லுக்கு குவாண்டம் டாட் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு இதுதான் முதல் பதில், சைஸ் சின்னதானதால கலர் மாறுதுங்கறது இங்க ரெண்டாம்பட்சம், சின்னதா இருக்கறதாலதான் அந்தப் பொருளே உசுரோட இருக்கு. ஆனா பிடிமானம் ரொம்ப மெல்லிசு. முதல் பாட்டில நாங்க ஓபன் பெஞ்சுலயே திறந்து திறந்து மூடிட்டு இருந்தோம், ஈரக்காத்து உள்ள போயிட்டே இருந்திருக்கு, மூணாவது வாரம் பார்த்தா அடர் சிவப்பு சொல்யூஷனுக்கு அடியில வெளிறின மஞ்சப் பொடி, ஆட்டினா கலங்குது, டார்ச் அடிச்சா ஒண்ணும் இல்ல. தண்ணி மூலக்கூறு அந்த வடிவ மாற்றத்தை வேகமா தள்ளி விடுது. ரெண்டாவது பாட்டில க்ளவ் பாக்ஸ்குள்ளயே (ஈரம் புகாத அடைச்ச பெட்டி) திறந்து, சின்னச் சின்ன குப்பியா பிரிச்சு, ஒரு தடவைக்கு ஒண்ணுன்னு எடுத்தோம், அது மாசக்கணக்கா நல்லா இருக்கு. வாங்கின அன்னிக்கே பிரிச்சு வெச்சுடுங்க, இதை அடிச்சு சொல்றேன்.

அடுத்து கழுவறது. சோலார் செல்லோட மொத்த விஷயமும் இங்கதான் இருக்கு.

டாட் மேல ஒட்டியிருக்கற ஒலியிக் ஆசிட், ஒலைலமீன் ரெண்டும் 18 கார்பன் நீளச் சங்கிலி. அதுதான் டாட்ட ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம, கரைஞ்சு, உயிரோட வெச்சிருக்கு. அதே சங்கிலிதான் கரண்ட்டுக்கு சுவர். ஒரு டாட்லேருந்து அடுத்த டாட்டுக்கு எலக்ட்ரான் தாவணும், இடைவெளி கொஞ்சம் கூடினாலும் தாவற வாய்ப்பு மடமடன்னு சரியும். போர்வையை எடுக்காம கரண்ட் வராது, முழுசா உருவிட்டா டாட் செத்துடும், இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் இந்த ஃபீல்டே பத்து வருஷமா போராடிட்டு இருக்கு.

வழக்கமா குவாண்டம் டாட் கழுவறவங்க எத்தனால் ஊத்தி வீழ்படிவு ஆக்குவாங்க. எங்க ஜூனியர் தம்பி பழைய காட்மியம் டாட் பழக்கத்துல இதுக்கும் எத்தனாலை ஊத்திட்டான். நான் பக்கத்து ரூம்ல இருந்தேன், "அக்கா, கலர் போகுதுக்கா, சீக்கிரம் வாங்க"ன்னு ஒரே கத்து. போய்ப் பார்க்கறதுக்குள்ள ட்யூப்ல இருந்த சிவப்பு வெளுத்து மஞ்சளாகி அடியில உக்காந்திருந்துச்சு. அவனைத் திட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, பாட்டில்லயோ ஷீட்லயோ எத்தனால் கூடாதுன்னு ஒரு வார்த்தை இல்ல. பெரோவ்ஸ்கைட் அயானிக் பொருள், உப்பு மாதிரி, போலார் சால்வெண்ட் பட்டா கரைஞ்சுடும்.

இதுக்கு வழி காட்டினது அமெரிக்காவோட என்ஆர்இஎல் எரிசக்தி ஆய்வகத்து ஆளுங்க. 2016ல மெத்தில் அசிடேட் வெச்சுக் கழுவினாங்க, அதிகப்படி லிகண்ட் போகுது, டாட் சாகல. அதுல செஞ்ச சீசியம் லெட் அயோடைடு டாட் செல் 10.77 சதவீதம் எஃபிஷியன்சி, 1.23 வோல்ட் கொடுத்துச்சு. நாங்களும் அதே வழியிலதான் போனோம். மெத்தில் அசிடேட் ஊத்தி, சென்ட்ரிஃப்யூஜ்ல போட்டு, மேல நிக்கறதைக் கொட்டிட்டு, அடியில இருக்கறதை ஹெக்சேன்ல திரும்ப கரைச்சு, ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள் வெச்சா, மிச்சம் இருக்கற ஒலியேட் உப்பெல்லாம் அடியில தங்கிடும், தெளிஞ்சதை மட்டும் எடுத்து ஆக்டேனுக்கு மாத்திக்கணும். ஒரு தடவை கழுவினா பத்தல, ரெண்டு தடவை சரியா இருந்துச்சு, மூணாவது தடவை கழுவினப்போ பாதி டாட் திரும்ப கரையவே இல்ல, கட்டியாவே நின்னுடுச்சு.

ஃபிலிம் போடும்போது ஒவ்வொரு லேயரா ஸ்பின் பண்ணி, ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் மெத்தில் அசிடேட்ல முக்கி எடுக்கணும். சுவாரசியமான விஷயம், இந்த இடத்துல கொஞ்சூண்டு ஈரம் தேவைப்படுது. மெத்தில் அசிடேட் அந்தத் துளி தண்ணியோட சேர்ந்து உடைஞ்சு அசிட்டிக் ஆசிட் தருது, அதுலேருந்து வர்ற அசிடேட்தான் ஒலியிக் ஆசிட்லேருந்து வந்த நீளமான ஒலியேட்ட வெளிய தள்ளிட்டு அந்த இடத்துல உக்காருது. க்ளவ் பாக்ஸ்குள்ள சுத்தமா வறண்ட காத்துல முக்கினப்போ எங்களுக்கு லேயர் சரியா வரவே இல்ல, அடுத்த லேயரை ஸ்பின் பண்ணும்போது முந்தினது கரைஞ்சு ஓடிடுச்சு, ஈரம் கம்மியா இருக்கற வெளிக்காத்துல பண்ணினதும் ஒட்டிக்கிச்சு. பாட்டிலுக்கு எமனா இருக்கற அதே ஈரம் இந்த ஒரு ஸ்டெப்ல துணைக்கு வருதுன்னு புரியறதுக்கு எங்களுக்கு ஒரு மாசம் ஆச்சு.

மெத்தில் அசிடேட் ஒலியேட்டத்தான் எடுக்கும், ஒலைலமீன்லேருந்து வந்த ஒலைலஅமோனியம் அப்படியே நிக்கும். அதுக்குக் கடைசியில ஃபார்மமிடினியம் அயோடைடுங்கற உப்பை எத்தில் அசிடேட்ல கரைச்சு ஒரு முக்கு. என்ஆர்இஎல் 2017ல இந்த மாதிரி உப்பு ட்ரீட்மெண்ட்லதான் 13.43 சதவீதம் போனாங்க. எங்க செல்லுலயும் இந்த முக்குக்கு முன்னாடி பின்னாடின்னு கரண்ட் கர்வை ஒண்ணுமேல ஒண்ணு போட்டுப் பார்த்தப்போ ஒரே செல்லான்னு சந்தேகமே வந்துடுச்சு, அவ்வளவு வித்தியாசம்.

சரி, வாங்கின டாட் எப்படி? வோல்டேஜ் அருமை. கடை பாட்டில்ல இருந்ததைக் கழுவிப் போட்டதுக்கே ஒரு வோல்ட்ட சுலபமா தாண்டிச்சு. நல்லா வெளிச்சம் விடற பொருள்தான் நல்ல வோல்டேஜும் கொடுக்கும், எலக்ட்ரானும், அது விட்டுட்டு வந்த காலி இடமான ஹோலும் வெளிச்சமா சேராம வீணா சேர்ந்து போனா அந்த நஷ்டம் வோல்டேஜ்லதான் தெரியும், இங்க அந்த நஷ்டம் கம்மி. கரண்ட்தான் ஏமாத்தம். 700 நானோமீட்டருக்கு அந்தப் பக்கம் இந்தப் பொருள் ஒண்ணும் உறிஞ்சாது, சிலிக்கான் 1100 வரைக்கும் உறிஞ்சும். அது பொருளோட இயல்பு, பாட்டிலைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா லேயரை தடியா போட்டு உறிஞ்சறதைக் கூட்டலாம்னா, மிச்சமிருக்கற லிகண்டால கரண்ட் நடுவழியிலயே தொலைஞ்சு போகுது, அது பாட்டிலோட குறைதான். நாங்களே செஞ்ச டாட்ல லிகண்ட் அளவு நம்ம கையில இருக்கும், அதுல கரண்ட் இதைவிட நல்லாவே வந்துச்சு.

உலகம் எங்க நிக்குதுன்னு தெரிஞ்சுக்கறது நல்லது. 2009ல மியாசகா குழு பெரோவ்ஸ்கைட்ட முதல்ல சோலார் செல்லுல போட்டப்போ 3.8 சதவீதம். 2011ல கொரியாவுல பார்க் நாம் க்யூ குழு ரெண்டு மூணு நானோமீட்டர் டாட் வெச்சு 6.5 கொண்டு வந்தாங்க, ஆனா திரவ எலக்ட்ரோலைட்ல டாட் கரைஞ்சு செல் நிமிஷக் கணக்குல படுத்துடுச்சு. 2020ல குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல சீசியமும் ஃபார்மமிடினியமும் கலந்த டாட்ல 16.6, 2024ல கொரியாவோட யூனிஸ்ட் பல்கலைக்கழகத்துல 18.1. டாட் இல்லாத சாதா பெரோவ்ஸ்கைட் ஃபிலிம் இதைவிட மேல போய் 26ஐயும் தாண்டிடுச்சு, சிலிக்கானோட அடுக்கினா 34 தாண்டுது. அப்போ டாட் எதுக்குன்னு கேப்பீங்க. கிரிஸ்டல ஃப்ளாஸ்க்லயே செஞ்சு முடிச்சுட்டு, சூடு பண்ணாமலே இங்க் மாதிரி பூசலாம், பிளாஸ்டிக் மேலயும் பூசலாம், வேற வேற கலவையை லேயர் லேயரா அடுக்கலாம், இது சாதா ஃபிலிம்ல அவ்வளவு சுலபம் இல்ல. நான் இதுல வேலை செய்யறது அந்த நம்பிக்கையிலதான்.

எல்இடிக்கு பச்சை பாட்டில் நல்லாவே வேலை செய்யுது, ஒரு கழுவல் போதும், மூணு வோல்ட் பக்கத்துலயே பச்சை பத்திக்கிச்சு. 2015ல இந்த டாட்ல முதல் எல்இடி வந்தப்போ பச்சையோட வெளிப்புற குவாண்டம் எஃபிஷியன்சி, அதாவது உள்ள போற எலக்ட்ரானுக்கு வெளிய வர்ற ஒளித்துகள் எத்தனைங்கற கணக்கு, 0.12 சதவீதம், 2018ல ஜப்பான்ல யமகதா பல்கலைக்கழகத்துல சிவப்புல 21.3 காட்டினாங்க. மூணு வருஷத்துல இந்த ஓட்டம். ஆயுசுதான் இன்னும் பிரச்சனை, எங்க டிவைஸ்லயும் ஓட ஓட வெளிச்சம் இறங்குது, கரண்ட் ஓடும்போது ஹாலைடு அயான்களே நகர ஆரம்பிச்சுடுது.

மூணு ஐட்டத்துல எனக்கு குறையே சொல்ல முடியாதது அந்த ஃபிலிம்தான். 450 நானோமீட்டர் நீல எல்இடி பேனல் மேல வெச்சு, எட்டு மாசம் பகல் முழுக்க ஓடுது. நடுவுல அளந்தா பீக் நகரவே இல்ல. வெட்டின ஓரத்துல மட்டும் ஒரு ரெண்டு மில்லிமீட்டர் வெளுத்துப்போச்சு, அங்க பேரியர் இல்லாம காத்தும் ஈரமும் பக்கவாட்டுல நுழையுது. வேணுங்கற சைஸைவிட கொஞ்சம் பெருசா வெட்டிக்கோங்க, இல்ல ஓரத்தை எபாக்ஸி வெச்சு அடைச்சுடுங்க. இங்க கரண்ட் பாய வேண்டிய வேலையே இல்ல, நீலத்தை வாங்கி பச்சையா விடணும், அவ்வளவுதான், அதனால லிகண்ட், பாலிமர்னு எத்தனை போர்வை வேணா போர்த்தி வெக்கலாம்.

ஈயம் பத்தி சொல்லாம விடக்கூடாது. மூணுலயும் ஈயம் இருக்கு, அது தண்ணில கரையற உருவத்துல வெளிய வரக்கூடியது. சிங்க்ல ஒரு சொட்டு கூட ஊத்தாதீங்க, கழுவின மெத்தில் அசிடேட், துடைச்ச டிஷ்யூ, பைப்பெட் டிப் எல்லாமே ஈயக் கழிவு பாட்டிலுக்குத்தான் போகணும், க்ளவ்ஸ் இல்லாம குப்பியைத் தொடவே வேண்டாம். எலக்ட்ரானிக் சாமான்ல நச்சுப் பொருளுக்கு எல்லை போடற ஐரோப்பாவோட ரோஹெச்எஸ் விதியில ஈயத்துக்கு எடையில 0.1 சதவீதம்னு எல்லை இருக்கு, காட்மியத்துக்கு அது 0.01. ஈயத்துக்கு பதிலா டின் போட்டுப் பார்க்கறாங்க, அது காத்து பட்டதும் ஆக்சிடைஸ் ஆகி குணம் மாறிடுது. இந்த செட்ல எச்சரிக்கை லேபிள் பாட்டிலுக்கு அடியில சின்ன எழுத்துல இருக்கு, அது மூடிக்கு மேல பெருசா இருக்கணும், ஸ்டூடண்ட்ஸ் கையில போற பொருள்.

என் மார்க் கேட்டா, ஃபிலிமுக்கு அஞ்சுக்கு அஞ்சு, பச்சைக்கு நாலு, சிவப்புக்கு ரெண்டரை. சிவப்புல அந்த ரெண்டரையும் வோல்டேஜுக்காகத்தான். லிகண்ட் அளவையும் எந்த சால்வெண்ட் ஆகாதுங்கறதையும் ஷீட்ல போட்டாலே இன்னும் ஒரு மார்க் சந்தோஷமா கூட்டிடுவேன், இதை அவங்களுக்கே மெயில்ல எழுதியும் போட்டிருக்கேன். இப்போதைக்கு பச்சையும் ஃபிலிமும் திரும்ப ஆர்டர் பண்ணியாச்சு, சிவப்புக்கு நாங்களே மறுபடி ஃப்ளாஸ்க்க எடுத்துட்டோம். ஊசியைப் பிடிச்சு சீசியம் ஒலியேட்ட இறக்கறது இந்த தடவை அந்தத் தம்பிதான், நான் ஐஸ் வாளியோட பக்கத்துல நிக்கறேன்.